கூப்பாடு போடவிடாத கிருமி



சில நாட்களுக்கு முன்னால் காரியாபட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வீட்டுக்கு வீடு நாட்டுக்கோழி வளர்க்கும் தாய்மார்கள் நாலைந்து பேரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு பறவைக் காய்ச்சல் பக்கம் திரும்பியது. அப்போது வயதான ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "ஐயா, மனுசனுக்குச் சளி காய்ச்சல் வந்தா நாலு நாள் படுத்துட்டு எந்திரிச்சிர்றான். கோழிக்கு இந்தக் காய்ச்சல் வந்தா மட்டும், காலையிலே நல்லா மேஞ்சது சாயங்காலம் பஞ்சாரத்துக்குள்ளே செத்துக் கெடக்குமாமே. அதுக்கு ஒடம்புலே எதுத்து நிக்கிற சத்தே கெடையாதா?"

நல்ல கேள்வி. கோழிக்கு எதிர்த்து நிற்கும் சத்து உண்டு. ஆனால் அந்தச் சத்து வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்னாலேயே அதன் வாயைப் பொத்திவிடும் சாமர்த்தியம் இந்தக் கிருமிக்கு இருக்கிறது. அது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். இதைத் தெரிந்துகொண்டால், நாம் என்ன செய்ய வேண்டும் என்பதும் தானாக விளங்கிவிடும்.

நம்முடையது வானம் பார்த்த பூமி. கம்மாய் நிறைந்தால் நெல்லு. நிறையாவிட்டால் பருத்தி, மிளகாய், கம்பு, குதிரைவாலி என்று கிடைத்ததைப் பார்க்க வேண்டியதுதான். மழை பொய்த்த வருஷத்தில் அடுப்பு எரிவது ஆட்டாலும் கோழியாலும்தான். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், பொங்கலுக்குச் சேலை, அவசரத்துக்குப் பஸ் சார்ஜ் எல்லாம் அந்தப் பத்துக் கோழியிலிருந்துதான் வருகின்றன. ஆகவே இது பெரிய பண்ணைக்காரர்கள் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது.

எந்த நோயைச் சொல்கிறோம்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம் ஊர்க் கோழிகளை அடிக்கடி கொண்டுபோவது வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் நோய் என்று சொல்வதும் இதைத்தான். அது வேறு வைரஸ். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது; கால்நடை பராமரிப்புத் துறையார் முகாம் நடத்திப் போடுகிறார்கள். பறவைக் காய்ச்சல் என்பது இன்ஃப்ளூயன்சா என்ற வேறொரு வைரஸால் வருவது. மனிதர்களுக்கு வரும் ஃப்ளூ காய்ச்சலும், 1918-ஆம் ஆண்டில் நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அந்தப் பெரிய விஷக் காய்ச்சலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

இந்தக் குடும்பத்தில் எச்5என்1 என்ற வகை மிகப் பொல்லாதது. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் எச்5 வகைகளின் மூதாதை, 1996-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் கூஸ் எனப்படும் ஒரு வளர்ப்புப் பெருவாத்தில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு, 1997-ல், ஹாங்காங்கில் 18 பேரைப் பிடித்து அவர்களில் 6 பேரைக் கொன்றது. நம் நாட்டில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்து நவாபூரில் முதன்முதலாகத் தலைகாட்டியது. 2008-ல் மேற்கு வங்காளத்தில் பரவியபோது 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழிக்க வேண்டியதாயிற்று. அவற்றில் ஏராளமானவை நம்மைப் போன்ற ஏழை எளியவர்கள் கொல்லையில் வளர்த்தவை. 2014 நவம்பரில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகளைத் தாக்கியது. 2021 ஜனவரியில் அதே இரண்டு மாவட்டங்களில் எச்5என்8 என்ற உறவுக்காரக் கிருமி வந்தது. ஆலப்புழை நமக்குத் தூரதேசம் இல்லை. குமுளி வழியாகவோ புளியரை வழியாகவோ ஒரு ராத்திரி லாரிப் பயணம்தான்.

செல்லுக்குள்ளே ஒரு தலையாரி

இப்போது உடம்புக்குள் போவோம். கோழியின் உடம்பும் சரி, நம் உடம்பும் சரி, கோடானுகோடி செல்களால் ஆனது. ஓர் ஊர் எப்படிப் பல வீடுகளால் ஆனதோ, அப்படி. ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு நடுவிலே ஓர் அறை; அதற்கு உட்கரு என்று பெயர். அந்த வீட்டுக்கு வேண்டிய சகல குறிப்புகளும் அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன. ஏதாவது வேலை ஆகவேண்டுமானால், அந்த அறையிலிருந்து ஒரு சீட்டு எழுதப்பட்டு முற்றத்துக்கு வரும். முற்றத்திலே இருக்கும் வேலைக்காரர்கள் சீட்டைப் பார்த்து வேண்டிய புரதத்தைச் செய்வார்கள். இந்தச் சீட்டுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் ஆர்.என்.ஏ.

இன்ஃப்ளூயன்சா வைரஸ் என்பது என்ன? பத்தாயிரம் வைரஸை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் வரும், அத்தனை சிறியது. அதன் உள்ளே இருப்பது எட்டுத் துண்டுச் சீட்டுகள், அவ்வளவுதான். அதற்குச் சொந்தமாக வீடு கிடையாது, அடுப்பு கிடையாது, வேலைக்காரர் கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து, நம் வேலைக்காரர்களிடம் தன் சீட்டைக் கொடுத்து, தன்னைப் போலவே ஆயிரக்கணக்கில் செய்ய வைத்துக்கொள்கிறது. புகுந்த ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் புதிய கிருமிகள் வெளியே கிளம்பிவிடும்.

செல் சும்மா இருக்குமா? ஒவ்வொரு செல்லின் முற்றத்திலும் தலையாரி மாதிரி ஒரு காவல் புரதம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு ரிக்-ஐ என்று பெயர். அது என்ன செய்கிறது என்றால், வருகிற போகிற சீட்டையெல்லாம் தொட்டுப் பார்க்கிறது. நம் செல் எழுதும் சீட்டுகளுக்குத் தலைமாட்டில் ஒரு முத்திரை உண்டு. வைரஸ் கொண்டுவரும் சீட்டுக்கு அந்த முத்திரை கிடையாது. தலை மொட்டையாக இருக்கும். "இது நம்ம வீட்டுச் சீட்டு இல்லையே" என்று ரிக்-ஐ உடனே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததும் உள்ளே ஆள் விட்டு ஆள் மாறி உட்கரு வரைக்கும் செய்தி போகும்.

தண்டோரா

செய்தி போனதும் உட்கருவில் ஒரு விசேஷச் சீட்டு எழுதப்படுகிறது. அதைப் பார்த்துச் செய்யப்படும் பொருள்தான் இன்டர்ஃபெரான். இது செல்லை விட்டு வெளியே போய், அக்கம்பக்கத்துச் செல்களிடம் எல்லாம், "திருடன் வந்துவிட்டான், கதவைச் சாத்துங்கள்" என்று தண்டோரா போடுகிறது. கேட்ட செல்கள் நூற்றுக்கணக்கான தற்காப்புப் புரதங்களைச் செய்து வைத்துக்கொள்கின்றன. ஒன்று, வைரஸின் சீட்டைக் கண்ட இடத்திலே கிழிக்க ஏற்பாடு செய்யும். இன்னொன்று, "வீட்டிலே எந்த வேலையும் நடக்கக்கூடாது" என்று முற்றத்தையே நிறுத்திவைக்கும். மற்றொன்று, உள்ளே வரும் வைரஸைச் சுற்றி வளைத்துக் கட்டிப்போடும். முதலில் திருட்டுப் போன வீடு தப்பாமல் போகலாம். ஆனால் ஊர் தப்பித்துவிடும்.

இந்த இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்ததிலும் நம் கோழிக்குப் பங்கு உண்டு. 1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லின்டன்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், கருக்கட்டிய கோழி முட்டையின் உட்சவ்வை எடுத்து, சூடுகாட்டிச் செயலிழக்க வைத்த இன்ஃப்ளூயன்சா வைரஸோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்தச் சவ்வு ஊறிய நீரை மட்டும் எடுத்து, வேறு புதிய சவ்வின் மேல் விட்டார்கள். அதற்கப்புறம் உயிருள்ள வைரஸைவிட்டபோது அது அந்தப் புதிய சவ்வில் சரியாகப் பெருகவில்லை. அதாவது, முதல் சவ்வு ஏதோ ஓர் எச்சரிக்கைப் பொருளை வெளியே விட்டிருக்கிறது. அதுதான் இன்டர்ஃபெரான். ஆகவே கோழிக்கு எதிர்ப்புச் சத்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சத்தை உலகம் தெரிந்துகொண்டதே கோழி முட்டையில்தான்.

கிருமியின் தந்திரங்கள்

இவ்வளவு காவல் இருக்கும்போது வைரஸ் எப்படித் தப்புகிறது? கை தேர்ந்த கன்னக்கோல் திருடன் செய்வதையெல்லாம் அதுவும் செய்கிறது.

முதல் தந்திரம், ஒளிந்துகொள்வது. ஆர்.என்.ஏ. சீட்டை வைத்துப் பிழைக்கும் வைரஸ்கள் பெரும்பாலும் முற்றத்திலேயே தங்கி வேலையை முடிக்கும். இன்ஃப்ளூயன்சா அப்படியில்லை, தன் எட்டுச் சீட்டையும் ஒரு புரதத் துணியிலே சுற்றி மூடிக்கொண்டு நேராக உட்கருவுக்குள் போய்விடும். தலையாரியின் சுற்று பெரும்பாலும் முற்றத்தோடு சரி.

இரண்டாவது தந்திரம், முத்திரையைத் திருடுவது. நம் செல் எழுதிவைத்த சீட்டுகளின் தலையை வெட்டி, அந்த முத்திரையைத் தன் வேலைச் சீட்டின் தலையில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் முற்றத்து வேலைக்காரர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நம் சீட்டும் கெட்டுப்போகிறது. திருடன் சீட்டுக்கும் மரியாதை கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது தந்திரம்தான் எல்லாவற்றிலும் பெரியது: வாயைப் பொத்துவது. இந்த வேலைக்கென்றே வைரஸ் ஒரு புரதம் வைத்திருக்கிறது. அதற்கு என்.எஸ்.-1 என்று பெயர். தலையாரி திருடனைக் கண்டுவிட்டாலும், அவன் கூவுவதற்கு ஓர் உதவியாள் புரதம் அவனைத் தட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. என்.எஸ்.-1 அந்த உதவியாளைப் பிடித்துக்கொள்ளும். தட்டிக்கொடுக்க ஆளில்லாமல் தலையாரி வாயடைத்து நிற்பான். அதையும் மீறிச் செய்தி உட்கருவுக்குப் போய், இன்டர்ஃபெரானுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய சீட்டை ஓரம் வெட்டிச் சரிசெய்து வெளியே அனுப்பும் ஓர் ஆள் அங்கே உண்டு. பல இன்ஃப்ளூயன்சா வகைகளில் என்.எஸ்.-1 அவன் கையையும் பிடித்துக்கொள்ளும். எழுதிய சீட்டு உட்கருவிலேயே கிடந்து வீணாகும். முற்றத்தையே நிறுத்திவைக்கும் தற்காப்புப் புரதம் ஒன்றைச் சொன்னேன் அல்லவா, அதையும் இதே என்.எஸ்.-1 முடக்கிவிடும்.

நான்காவது, மிச்சமிருப்பதைக் கிழிப்பது. பி.ஏ.-எக்ஸ் என்ற வேறொரு வைரஸ் புரதம், செல்லின் சொந்தச் சீட்டுகளைத் துண்டு துண்டாக்கிக் கொண்டே போகும்.

இத்தனையும் நடந்தபின் என்ன ஆகும்? வீடு கொள்ளை போகிறது; பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறார். வைரஸ் அடுத்த வீட்டுக்குப் போகிறது, அதற்கு அடுத்த வீட்டுக்கும் போகிறது.

வாய்ப்பூட்டைக் கழற்றிப் பார்த்தார்கள்

இதெல்லாம் நிச்சயம்தானா என்று நீங்கள் கேட்கலாம். 1998-ல் நியூயார்க் நகரத்து மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் கார்சியா-சாஸ்த்ரே, பலேஸே என்ற விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். என்.எஸ்.-1 புரதம் இல்லாத இன்ஃப்ளூயன்சா வைரஸ் ஒன்றைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கினார்கள். அதைச் சாதாரணச் சுண்டெலிக்குக் கொடுத்தபோது அது நோய் உண்டாக்கவில்லை. வாய்ப்பூட்டு இல்லாததால் செல்கள் கூப்பாடு போட்டுவிட்டன, கிருமி ஒடுங்கிப்போனது. ஆனால் இன்டர்ஃபெரானின் தண்டோராவைக் கேட்க முடியாத எலிகளுக்கு அதே வைரஸைக் கொடுத்தபோது அது நன்றாகப் பெருகி எலிகளைக் கொன்றது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எதிர்த்து நிற்கும் சத்து உடம்பில் இருக்கிறது. கிருமிக்கு வெற்றி கிடைப்பது, அந்தச் சத்தை எழுப்பும் சத்தத்தை முதல் சில மணி நேரத்துக்கு அடக்கிவைப்பதால்தான்.

வாத்து தாங்குகிறதே, கோழி ஏன் சாகிறது?

அறுப்பு முடிந்த வயல்களிலே வாத்து மேய்க்கிறவர்கள் பட்டி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்மாயில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் வலசை வரும் காட்டு வாத்துகளும் நம் பக்கம் இறங்கும். இன்ஃப்ளூயன்சா வைரஸுக்குப் பூர்வீக வீடே இந்த நீர்ப்பறவைகள்தான். வாத்து பல சமயம் ஒரு குறையும் காட்டாமல் கிருமியை எச்சத்தில் கழித்துக்கொண்டே திரியும். அதே கிருமி கோழிக்கு வந்தால் கூடு காலி.

இதற்கு ஒரு முக்கியமான காரணத்தை 2010-ல் கனடா நாட்டு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். முற்றத்துத் தலையாரி ரிக்-ஐ வாத்துக்கு இருக்கிறது, கோழிக்கு இல்லை! கோழி இனத்தில் அந்தக் காவலே என்றைக்கோ அற்றுப்போய்விட்டது. வாத்தின் ரிக்-ஐயைக் கோழியின் செல்லுக்குள் வைத்துப் பார்த்தபோது அந்தச் செல்கள் இன்டர்ஃபெரானைச் செய்தன. வைரஸ் பெருகுவதும் குறைந்தது. கோழிக்கு வேறொரு காவல் உண்டு. ஆனால் தலையாரி இல்லாத ஊரில் வாய்ப்பூட்டோடு திருடனும் வந்தால் என்ன கதி?

கோழி சீக்கிரம் சாவதற்கு வேறு காரணமும் உண்டு. சாதாரணப் பறவை இன்ஃப்ளூயன்சா தொண்டையிலும் குடலிலும் மட்டும்தான் வேலை செய்யும். அதன் பூட்டைத் திறக்கும் சாவி அங்கே மட்டும்தான் கிடைக்கும். எச்5என்1 போன்ற கொடிய வகைக்கு உடம்பு முழுக்க எங்கே போனாலும் சாவி கிடைக்கும். அதனால் மூளை, இதயம், ஈரல் என்று ஒரே சமயத்தில் எல்லா இடத்தையும் தாக்குகிறது. அந்த அம்மா கேட்ட "காலையிலே மேஞ்சது, சாயங்காலம் செத்தது" என்பதற்கு இவையெல்லாம் சேர்ந்ததுதான் பதில்.

அதற்காக வாத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். 2014-ல் கேரளத்தில் செத்து மிதந்தவை வாத்துகள்தான். கிருமி அடிக்கடி தன்னை மாற்றிக்கொள்ளும். நேற்றைய காவல் இன்றைக்குப் போதாமல் போகலாம்.

மனிதர்களுக்கு ஆபத்து உண்டா?

உண்டு; ஆனால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. பறவைக் கிருமி மனிதனிடம் எளிதில் ஒட்டாது. அதற்கு நம் செல்களில் இருக்கும் வேறு சில காவல்களும் காரணம். இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான லின்டன்மனே, 1962-ல், இன்ஃப்ளூயன்சாவைக் கொடுத்தாலும் சாகாத ஒருவகைச் சுண்டெலியைப் பற்றி எழுதினார். அதைக் காப்பாற்றியது எம்.எக்ஸ். என்ற புரதம். வைரஸைச் சுற்றி வளைத்துக் கட்டிப்போடும் புரதம் என்று முன்பு சொன்னது இதைத்தான். மனிதனுக்கும் இதே போன்ற புரதம் இருக்கிறது. 2023-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர விஞ்ஞானிகள், பறவை வைரஸ்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்கும் இன்னொரு மனிதக் காவல் புரதத்தையும் கண்டு சொன்னார்கள்.

ஆனால் 1918-ல் வந்த கிருமியும், 2009-ல் உலகமெல்லாம் பரவிய பன்றிக் காய்ச்சல் கிருமியும் அந்த எம்.எக்ஸ். காவலைத் தாண்டும்படித் தங்கள் புரதத் துணியை மாற்றிக்கொண்டவை. நம் நாட்டில் 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் எச்5என்1 தாக்கி டில்லியில் இறந்துபோனான். நம் நாட்டில் இந்தக் கிருமியால் இறந்த முதல் மனித உயிர் அதுதான். ஒவ்வொரு முறை பறவைக் கிருமி மனித உடம்புக்குள் நுழையும்போதும், நம் காவல்களைத் தாண்டப் பழகிக்கொள்ள அதற்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிறது. அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுக்காமல் இருப்பது நம் கையில்தான், அதுவும் கோழியைத் தொடுகிற கையில்தான் இருக்கிறது.

ஊசி போட்டால் தீராதா?

கோழி சுணங்கினால் கடையில் ஏதாவது ஆன்டிபயாடிக் பொடி வாங்கித் தண்ணீரில் கலந்துவிடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த மருந்துகள் பாக்டீரியா என்ற வேறு வகைக் கிருமியைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. காசுதான் நஷ்டம். நோய் கண்ட கோழிக்குச் சிகிச்சையும் கிடையாது. நோய் கண்ட இடத்தோடு அதை அழித்துவிடுவதுதான் நம் நாட்டில் கடைப்பிடிக்கப்படும் முறை. மாதிரியைப் போபாலில் இருக்கும் தேசிய உயர்பாதுகாப்புக் கால்நடை நோய் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி நோயை உறுதி செய்வார்கள். உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் கோழி, வாத்துகளை அழித்து, பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள்.

இங்கேதான் நம் மக்களுக்கு ஒரு தயக்கம் வருகிறது. அன்று பேசிக்கொண்டிருந்தபோது இன்னொரு தாய் அதை வெளிப்படையாகவே சொன்னார்: "நான் போயிச் சொன்னா, என் கோழியோட ஊர்க்கோழி எல்லாத்தையும் கொன்னுருவாக. அப்புறம் ஊர்ல என் மூஞ்சியிலே யாரு முழிப்பா?"

நியாயமான பயம்தான். அதை லேசாகச் சொல்லித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கிருமி செல்லுக்குள் செய்கிற வேலை என்ன? சத்தம் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது. முதல் வீடு கூவாததால்தான் அடுத்த பத்து வீடு பறிபோகிறது. முதல் கோழி செத்ததை நாமும் மறைத்தால், கிருமிக்கு வேண்டிய வாய்ப்பூட்டை நாமே செய்து கொடுத்ததாக ஆகும். மறைத்து வைத்த கோழி பிழைக்கப் போவதில்லை. மறைத்த நாலு நாளில் ஒரு கிலோமீட்டரில் நிற்க வேண்டியது, சந்தைக்குச் சந்தை போய்ப் பத்து ஊரை அழித்துவிடும். சொல்லிவிட்டால், அழிக்கப்படும் கோழிக்கும், முட்டைக்கும், தீவனத்துக்கும் அரசாங்க இழப்பீடு உண்டு. அது கோழியின் முழு விலைக்கு ஈடாகாமல் போகலாம்; ஆனாலும் வெறுங்கையாக நிற்பதைவிட மேல். ஊர்க்காரர்களும் ஒன்று செய்ய வேண்டும். முதலில் சொன்னவரைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கக்கூடாது. ஊரைக் காப்பாற்றியவர் அவர்தான்.

செய்ய வேண்டியவை

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: கோழியையும் வாத்தையும் ஒரே கொட்டிலில் அடைக்காதீர்கள். கோழிக்குத் தீவனமும் தண்ணீரும் கூரைக்குக் கீழே வையுங்கள். காட்டுப் பறவை எச்சம் விழும் கம்மாய்த் தண்ணீரைக் கோழிக்குக் காட்டாதீர்கள்.

இரண்டு: சந்தையிலிருந்து புதுக்கோழி வாங்கிவந்தால் இரண்டு வாரமாவது தனிப் பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றோடு விடுங்கள்.

மூன்று: கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, தலை வீங்குவது, காலில் ரத்தச் சிவப்பு தெரிவது, முட்டை திடீரென்று நிற்பது, இரண்டு மூன்று நாளில் அடுத்தடுத்துச் சாவது ஆகியவை அறிகுறிகள். வெள்ளைக் கழிச்சலுக்கும் இதில் பல பொருந்தும். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது, சோதனைதான் சொல்லும். ஆகவே "வழக்கமான சீக்குதான்" என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். வெள்ளைக் கழிச்சலுக்குத் தவறாமல் தடுப்பூசி போட்டிருந்தால், கோழி கூட்டமாகச் சாகும்போது சந்தேகமும் சீக்கிரம் வரும்.

நான்கு: சாகக் கிடக்கும் கோழியை "வீணாப் போகுதே" என்று அறுத்துக் குழம்பு வைக்காதீர்கள். இறகு பிடுங்கும்போதும், சுத்தம் செய்யும்போதும்தான் கிருமி நம் மூக்குக்கும் கண்ணுக்கும் ஏறும். நல்ல கோழிக் கறியையும் முட்டையையும் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுவதில் பயமே இல்லை. 70 டிகிரிச் சூடு உள்ளே வரைக்கும் ஏறினால் கிருமி செத்துப்போகும். நம் வீட்டுக் குழம்பு கொதிப்பது அதைவிட அதிகச் சூட்டில்.

ஐந்து: செத்த கோழியைக் கம்மாயிலோ, ஓடையிலோ, கருவேலங்காட்டிலோ வீசாதீர்கள். நாய்க்கும் போடாதீர்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். கையில் உறை மாட்டிக்கொண்டோ, பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டோ, மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் தொட வேண்டும். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதைக் கால்நடை மருத்துவர் சொன்ன பிறகு செய்யுங்கள். அவருக்குச் சோதனைக்கு மாதிரி வேண்டியிருக்கும்.

ஆறு: கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்தக் கிருமியின் மேல் ஒரு கொழுப்புப் போர்வை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பு எப்படிக் கழுவுகிறதோ, அப்படியே அந்தப் போர்வையையும் கரைத்துவிடும். போர்வை போனால் கிருமியும் போச்சு. ஆராய்ச்சிக்கூடங்களில் எத்தனையோ செய்தாலும், கிருமியின் தந்திரம் எதுவும் பலிக்காத இடம் நம் சோப்புக்கட்டிதான். கொட்டிலைச் சுத்தம் செய்து வெயில் காட்டுங்கள். நம் சீமையின் வெயில் மற்ற நாட்களில் நம்மை வாட்டினாலும் இந்த விஷயத்தில் நமக்குக் கூட்டாளி.

ஏழு: கோழி செத்த வீட்டில் யாருக்காவது பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வந்தால், அரசு மருத்துவமனைக்குப் போய்க் கோழி செத்த விவரத்தை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மனிதர்களுக்கு மருந்து இருக்கிறது. ஆனால் அது முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும்.

எட்டு, கடைசியானாலும் முக்கியமானது: இரண்டு மூன்று கோழி சேர்ந்தாற்போல் செத்தால் அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். போக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் தெரிவிக்கலாம்.

அந்த வயதான அம்மாவிடம் நான் இத்தனையும் சொல்லி முடித்தபோது, அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ கோழிக்குத் தலையாரி இல்லேன்னா, நாமதான் அதுக்குத் தலையாரின்னு சொல்லுங்க" என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.